கேஸ் மாத்திரை மருந்தில் சேராது

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நரம்பியல் பிரிவிலிருந்து இரண்டு இளம் டாக்டர்கள் போன வாரம் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். "ஊக்கமூட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது மேடம்" என்றாள் அதில் ஒருத்தி. கையோடு அவர்களே உருவாக்கிய ஒரு செயலியையும் போனில் கொண்டு வந்திருந்தார்கள். நோயாளி அந்தப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், பார்க்கின்சன் நோய் இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். என் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இல்லை என்றது. அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

"நோயாளியை எங்கே வைத்து இதைப் பிடிக்கச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"மேசைக்கு எதிரே நாற்காலியில், மேடம்."

"அவர் வராந்தாவிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் பாதி நோய் தெரிந்துவிடுமே. அதை யார் பார்ப்பது?"

இருவரும் போனைப் பைக்குள் போட்டார்கள். பிறகு காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

தாராவியில் பிறந்து, மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்து, அதே மாநகராட்சியின் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரான கதையை எழுதினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அதனாலேயே அதை எழுதப் போவதில்லை. படித்தேன், பாஸ் செய்தேன், ஆப்தே என்ற மனிதரிடம் போய் மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து தொடங்கினால் போதும்.

ஆப்தே எங்கள் பிரிவின் தலைவர். கசங்காத அரைக்கைச் சட்டை, காலில் கோலாப்பூர் செருப்பு, உதட்டில் எப்போதும் ஒரு ஏளனம். புறநோயாளி அறையில் அவருடைய நாற்காலி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அவர் கதவோரம் நிற்பார். அடுத்த நோயாளியின் பெயரை வராந்தா முழுக்கக் கேட்கும்படி அவரே கூப்பிடுவார். கூப்பிட்டதும் பெஞ்சிலிருந்து அந்த ஆள் ஒரே மூச்சில் எழுகிறாரா, முன்னும் பின்னும் ஆடி ஆடி எழுகிறாரா என்று பார்ப்பார். நடக்கும்போது எந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது, கதவு நிலைக்கு வந்ததும் கால் தயங்குகிறதா, நாற்காலியில் உட்காரத் திரும்பும்போது இடுப்பு திரும்புகிறதா அல்லது ஆளே மரக்கட்டையாக மொத்தமும் திரும்புகிறாரா, இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் காகிதத்தைத் தொடுவார். ஃபைலை முன்கூட்டியே படித்துவிட்டு வருகிற மாணவனை அவருக்கு அறவே பிடிக்காது. "விடையைப் படித்துவிட்டுக் கேள்விக்கு வருகிறாயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்.

பிறகு நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டுவார். அப்படியே பேச்சுக் கொடுத்து, மறு கையால் தொடையைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார். அதுவரை சாதுவாக இருந்த கை அப்போதுதான் விட்டு விட்டு இறுகத் தொடங்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போடச் சொல்வார். எந்த மொழி தெரியுமோ அந்த மொழியில் ஒரு வரி எழுதச் சொல்வார். வரியின் முடிவுக்கு வருவதற்குள் எழுத்து எறும்பாகச் சிறுத்துவிடும். கடைசியில் பின்னால் போய் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று ஒரு இழுப்பு. சமாளித்து நிற்கிறாரா, அப்படியே சாய்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். சாய்பவரைத் தாங்கிக்கொள்ள ஒரு மாணவன் தயாராக நிற்க வேண்டும். நோயாளியை ஒரு தடவையும் கீழே விட்டதில்லை. மாணவர்களைத்தான் நாள் தவறாமல் கீழே தள்ளினார்.

ஒரு நாள் புதிதாக வந்த மாணவன் ஒருவன், "கை நடுங்குகிறது சார், அதனால் பார்க்கின்சன்" என்றான். ஆப்தே டீ வரவழைத்தார். கோப்பையைத் தூக்கினார். அவர் கை கிடுகிடுவென்று ஆடி, டீ தட்டில் தளும்பி அந்தப் பையனின் வெள்ளைக் கோட்டில் தெறித்தது. "எனக்கு எப்போது வைத்தியம் ஆரம்பிக்கிறாய்?" என்று கேட்டார். டீயைத் தூக்கும்போது ஆடுவது அவருடைய குடும்பச் சொத்து. அவர் அப்பாவுக்கும் அப்படித்தானாம். மடியில் சும்மா கிடக்கும்போது ஆடி, டீயைத் தூக்கினால் அடங்குகிற கைதான் எங்கள் நோயாளியின் கை. அந்தப் பையன் பிற்பாடு தோல் வைத்தியத்துக்குப் போய்விட்டான், நல்ல வேளை.

இந்த நோய் 'நான்தான் பார்க்கின்சன்' என்று பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தோள்பட்டை வலி என்று வரும். எலும்பு டாக்டர் மாதக்கணக்கில் தோளுக்குச் சூடு கொடுப்பார். தோள் பிடித்துக்கொண்டதே கை அசையாததால்தான் என்று அவருக்குத் தோன்றாது. மாட்டுங்காவில் ஒரு வங்கி அதிகாரி, சொந்த வங்கியிலேயே தன் கையெழுத்துச் செல்லாமல் போய், கிளை மேலாளரோடு சண்டை போட்டுவிட்டு வந்தார். அவர் மனைவி வேறொரு குற்றச்சாட்டு வைத்தார். பெருங்காயம் பொரிகிற வாசனை கணவருக்குத் தெரியவில்லையாம். மளிகைக்காரன் கலப்படம் செய்கிறான் என்று கடையை மாற்றிக்கொண்டே இருந்தாராம். "இவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறதே இல்லை" என்று அழுத பெண்கள் எத்தனையோ பேர். குடும்பநல ஆலோசகர்வரை போனவர்களும் உண்டு. அவர்களுடைய புருஷன்மாரின் முகத் தசைதான் அசையவில்லை, அன்பு குறையவில்லை என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. தாராவியில் ஒருவர் அறுபதடி ரோட்டில் விறுவிறு என்று நடப்பார். சொந்தச் சந்தின் வாயில் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறார் என்றுதான் அந்த வீட்டில் நினைத்தார்கள். ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன்கள் மட்டும் போனில் தேடி, நோயின் பெயரோடு வந்துவிடுவார்கள். அப்பா எப்படி நடக்கிறார் என்று கேட்டால், "நடக்கிறாரே" என்பார்கள்.

இனி இஸ்மாயில் பாய்.

அவருக்குத் தாராவியில் தோல் பை செய்கிற பட்டறை. சொந்த ஊர் மேலப்பாளையம். நான் அவர் பெயரைக் கூப்பிட்டபோது பெஞ்சிலிருந்து எழ மகன் ரியாஸ் ஒரு பக்கமும் மனைவி ஜுலைகா ஒரு பக்கமுமாகத் தூக்க வேண்டியிருந்தது. தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். இரண்டு கையும் வீசவில்லை. தாடை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. முகம் வெறும் சுவர்.

"ஒரு வருசமா இப்பிடித்தான் டாக்டரம்மா," என்றார் ஜுலைகா. "பேசினாலும் வாய்க்குள்ளயே பேசுதாவ. சோறு திங்கவே ஒரு பொழுது ஆவுது."

ரியாஸ் தடியான ஃபைலை மேசையில் வைத்தான். "டயக்னோசிஸ் எல்லாம் ஆயிருச்சு மேடம். ஆபரேசனும் ஃபிக்ஸ். வாப்பாதான் ஜித் பிடிக்காவ, நம்ம ஊர் டாக்டரம்மா ஒரு வார்த்த சொன்னாத்தான் போவேன்னு. நீங்க ஹான்னு சொல்லிட்டாப் போதும்."

அதாவது, என் முத்திரை வேண்டும், மூளை வேண்டாம்.

மூளைக்குள் கம்பி செலுத்துகிற அறுவை அது. கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய ஆஸ்பத்திரியில், பேப்பரில் அடிக்கடி படம் வருகிற டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகப் பட்டறையை விற்க ஏற்பாடாகி, வாங்குகிறவரிடம் டோக்கன் என்று முன்பணமும் வாங்கிவிட்டார்கள். நோய்க்கான மாத்திரை எவ்வளவு ஏற்றியும் கேட்கவில்லை, ஆகவே அறுவை என்று ஃபைலில் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த மாத்திரை கொஞ்சமும் கேட்காத ஆளுக்கு அந்த அறுவையும் கேட்காது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். ஆனால் பாடப்புத்தகத்துக்குக் கண்ணாடிச் சுவர் கிடையாதே!

எனக்கு வேறு சில விஷயங்களும் உறுத்தின. இந்த நோய் ஒரு பக்கத்தில் தொடங்கி, சாவகாசமாக மறு பக்கம் வரும். இவருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது. வாசனை தெரியுமா என்று கேட்டேன். "பட்டறைக்குள்ள நுழையுமுன்னயே தோல் ஒட்டுத சொலூசன் வாசம் அடிக்குமே," என்று முனகினார். வேறு ஏதோ மருந்தின் வேலை என்று சந்தேகம் வந்தது.

"வேற என்ன மருந்து குடுக்கிய?" என்று ஜுலைகாவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் கெடையாது. சுகர் இல்ல, பிரசர் இல்ல."

"தூக்கத்துக்கு, தலசுத்துக்கு, மனசு சரியில்லன்னு ஏதாவது?"

"அல்லா மேல ஆணையா இல்ல டாக்டரம்மா."

மாற்றி மாற்றிக் கேட்டும் அதே பதில்தான். ஸ்கேன் படங்களை நிதானமாகப் பார்க்கிறேன், வெளியே இருங்கள் என்று அனுப்பினேன். சற்று நேரம் கழித்து வராந்தாவுக்குப் போனேன். ஜுலைகா காகிதப் பொட்டலத்திலிருந்து வடாபாவை எடுத்துத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். புருஷனுக்கு ஊட்டத்தான். ஆனால் முதல் துண்டை ஊட்டுவதற்கு முன், கைப்பைக்குள் கை விட்டு ஒரு குளிகையை எடுத்து அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"அது என்ன?"

"இதா?" என்று சிரித்தார். "இது மருந்து இல்ல டாக்டரம்மா. கேஸ் மாத்திர."

இந்த ஊரில் கேஸ் என்பது ஒரு மதம். நெஞ்சு வலித்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், மருமகளோடு பேச்சு முற்றினால் தலைக்கேறுவதும் கேஸ். விடியலில் வெறும் வயிற்றில் டீயை ஊற்றிக்கொண்டு லோக்கல் ரயில் பிடிப்பது, நின்றபடி வடாபாவை விழுங்குவது, வீடு திரும்பி ஊரடங்கும் நேரத்தில் சோற்றைத் தின்றுவிட்டுச் சாய்வது. இந்த வாழ்க்கைக்கு வயிறு எதிர்ப்புத் தெரிவித்தால், வாழ்க்கையை யார் மாற்றுவார்கள்? குடும்ப டாக்டர் கொஞ்ச நாளைக்கு என்று குளிகை எழுதுவார். இவர்கள் ஆயுளுக்கும் சாப்பிடுவார்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டுக் கேட்கமாட்டார். அந்தக் குளிகையில் இரண்டு சரக்கு. ஒன்று அமிலத்தை அடக்கும். இன்னொன்று இரைப்பையை முடுக்கிவிடும். அந்த இரண்டாவது ஆசாமி வயிற்றோடு நிற்பதில்லை. மூளைக்குப் போய், உடம்பை அசைய வைக்கிற டோபமைன் உட்கார வேண்டிய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வான். வெளியே பார்த்தால் அசல் பார்க்கின்சன் நோயாளி.

"எவ்வளவு நாளா குடுக்கிய?"

"பேரன் பொறந்ததுல இருந்து."

"பேரன் இப்ப என்ன பண்ணுதான்?"

"ஸ்கூலுக்குப் போறான்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். குளிகையை அடியோடு நிறுத்த வேண்டும். சில மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை மண்டையில் யாரும் கை வைக்கக் கூடாது. எல்லோருக்கும் பழையபடி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு அடியில் அசல் நோயே ஒளிந்திருக்கும். ஆனால் பொறுத்துப் பார்க்காமல் தெரியாது.

ரியாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கேஸ் மாத்திரைனால மனுசன் இப்பிடி ஆவானா மேடம்? அவ்ளோ பெரிய டாக்டருக்குத் தெரியாதா? டோக்கன் வாங்கியாச்சு. வாங்குற பார்ட்டி சும்மா விடமாட்டான்."

இஸ்மாயில் பாயின் உதடு அசைந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"ஏல, மண்ட எனக்குள்ளது," என்றார் மகனிடம். "நான் பொறுக்கேன்."

பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். வேறு மருந்து உண்டா என்று கேட்டாராம், இல்லை என்றார்களாம். ஆகவே தவறு நோயாளியுடையது. என்னிடமும் இல்லை என்றுதான் சொன்னார்கள் ஐயா! இந்த நகரத்தில் கேஸ் மாத்திரையை மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்லும் நோயாளி இனிமேல்தான் பிறக்க வேண்டும். அது தெரியாதவருக்கு மும்பையில் என்ன டாக்டர் வேலை?

அடுத்த முறை வந்தபோது இஸ்மாயில் பாய் அப்படியே இருந்தார். அதே தேய்ப்பு, அதே தாடை. ரியாஸ் முகத்தில் மட்டும் நல்ல தெளிச்சம். "பாத்தீங்களா மேடம்?" என்றான். நான் அவனைப் பார்க்கவில்லை. ஜுலைகாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்தியளா?"

கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"குடுத்தியளா இல்லியா?"

"வயிறு உப்பிச் சோறே எறங்கல டாக்டரம்மா," என்று அழ ஆரம்பித்தார். "பாக்கச் சகிக்கல. ஒரு நா விட்டு ஒரு நாதான் குடுத்தேன். வேண்டாம்னு தலய ஆட்டுதாவ. அதான் குளிகையப் பிரிச்சு சர்பத்துல கலக்கிக் குடுத்தேன்."

இஸ்மாயில் பாய்க்கு இது தெரியாது. மெதுவாக, உடம்போடு சேர்த்துத் திரும்பி மனைவியைப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முகம் கோணவில்லை, உதடு துடிக்கவில்லை. கோபப்பட, அழ, எதற்குமே முகம் உதவாத மனிதர் அப்படி உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் வராந்தாவே அடங்கிவிட்டது.

"நீங்க இவிய வயித்தப் பாக்கிய. அங்க ஒருத்தன் மண்டையத் தொறக்கக் காத்துக்கிட்டு இருக்கான். இன்னும் ஒரு குளிகை உள்ள போச்சு, நீங்களே பட்டறைச் சாவிய எடுத்து அவன் கையில குடுத்துருங்க."

டீயைக் குறைக்க, வடாபாவை நிறுத்த, பொழுதோடு சாப்பிட்டு நடக்கச் சொன்னேன். ரியாஸ் வாசலில் திரும்பி நின்று, "பெருநா வரைக்கும்தான் மேடம். அதுக்கு மேல பார்ட்டி நிக்கமாட்டான்," என்று கெடு வைத்துவிட்டுப் போனான். பெருநாளுக்குள் தேறவில்லை என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பயத்தை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் தாடை நின்றது. ஜுலைகா போன் செய்து சொன்னார். பிறகு குரல் எழும்பியது. நோன்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் வந்தார்கள். இஸ்மாயில் பாய் யார் கையையும் பிடிக்காமல், இரண்டு கையும் கொஞ்சம் கொஞ்சம் வீச, நடந்து வந்தார். ரியாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வாயப் பொத்துல, டாக்டரம்மா பேசட்டும்," என்று அதட்டினார். புருவம் நெரிந்து, உதடு சுழித்து, முகம் பூராவும் கோபம். ஒரு மனிதரின் கோபத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய டாக்டர் கொடுத்த மாத்திரைதான் தாமதமாக வேலை செய்தது என்று ரியாஸ் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தானாம். சொல்லட்டும். படித்த பிள்ளை.

பெருநாள் முடிந்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு, ஜுலைகா பாத்திரம் நிறையப் பிரியாணியோடு வந்தார். இஸ்மாயில் பாய் மறுபடி தோல் வெட்டுகிறாராம். பேச்சோடு பேச்சாக, வீட்டில் மிச்சம் இருந்த குளிகைகளைக் குப்பையில் போட்டீர்களா என்று கேட்டேன்.

"காசு குடுத்து வாங்குனத யாராவது குப்பையில போடுவாவளா?" என்றார். "நீங்க ஏசுனிய பாருங்க, அன்னைக்கே எல்லா அட்டையையும் அள்ளிக் கீழ்வீட்டு செல்லக்கனி மைனிக்குக் குடுத்துட்டேன். அவியளுக்கும் ரொம்ப நாளா கேஸ். இப்ப அவியளே கடையில வாங்கிக்கிடுதாவ. நல்லாக் கேக்குதாம்."

"இப்ப எப்பிடி இருக்காவ அவிய?"

"வயிறு சுத்தமா சரியாயிட்டு. தோள்பட்டதான் பிடிச்சுக்கிட்டுத் திரும்ப மாட்டேங்குதாம். வெளியதான் நிக்காவ. ஒங்ககிட்ட காட்டத்தான் கூட்டியாந்தேன்."

செல்லக்கனி உள்ளே வந்தார். வர நேரமாயிற்று. உட்காரும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"கேஸ் மாத்திர கையில இருக்கா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் ஜிப்பைப் பிடிக்க வராமல் தடுமாறித் தடுமாறிக் கைப்பையைத் திறந்தார். அட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். முகத்தில் சிறு அசைவும் இல்லை, குரலில்தான் அத்தனை பரிவு.

"ஒங்களுக்கும் கேஸா டாக்டரம்மா?"